பான்சோக் தூங்கிய ஐம்பது நிமிடம்

டிசம்பர் பிறந்துவிட்டால் கோஹுங் மலைச்சரிவு முழுக்க யூஜாப் பழ வாசனைதான். பேருந்து கடைசி வளைவில் திரும்பும்போதே மூக்குக்குத் தெரிந்துவிடும். நார்த்தங்காய் அளவு, மேடும் பள்ளமுமான மஞ்சள் தோல், பார்க்க அத்தனை லட்சணம். பறிக்கக் கையை விட்டால்தான் தெரியும், இலைக்கு இலை விரல் நீள முள். அந்த ஊர்க்காரர்களின் முழங்கையைப் பார்த்தே யார் வீட்டில் எத்தனை மரம் என்று சொல்லிவிடலாம்.

யோன்சுக் பேருந்தை விட்டு இறங்கியபோது கடல் பக்கமிருந்து ஈரக்காற்று அடித்தது. தோளில் ஒரு பை, கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. பெட்டி கனத்தது. அறுபத்துநாலு வயதில் எதுதான் கனக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஏற்றத்தில் நடந்தாள்.

சியோலில் பேராசிரியர். வீட்டுக்குள் ஆண் என்ன வேலை செய்கிறான், பெண் என்ன வேலை செய்கிறாள், வயது ஏற ஏற அது எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் படிப்பு, அவள் பிழைப்பு, அவள் புத்தகங்கள் எல்லாமே. இந்த ஊருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருவாள். ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஏடு கொடுப்பாள், கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. ஏட்டில் நாள் முழுவதையும் பத்துப் பத்து நிமிடக் கட்டமாகப் போட்டிருக்கும். கட்டத்துக்குக் கட்டம் அந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். "இதைக் கண்டுபிடிக்க உனக்கு முப்பத்தஞ்சு வருஷமா? எங்களைக் கேட்டா ஒரு வாயில சொல்லிடுவோமே" என்று ஊர்ப் பெண்கள் சிரிப்பார்கள். முதல் தடவை நாற்பது வீட்டில் ஏடு கொடுத்தாள். இப்போது பதினொரு வீடுதான் மிச்சம். இது எட்டாவது தடவை, கடைசித் தடவையும் கூட. பிப்ரவரியில் ஓய்வு. பல்கலைக்கழகத்தில் அவள் அறைக்கு வரப்போகிறவர் இப்போதே வந்து சுவரை அளந்துவிட்டுப் போயிருந்தார்.

மால்சுன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எண்பத்தொரு வயது. ஐந்தாவதாகவும் பெண்ணாகப் பிறந்த கோபத்தில், இதோடு பெண் போதும் என்று பொருள் வரும்படி அப்பா வைத்த பெயர் அது. பேரன் வளர்ந்து போனபின் வீட்டில் மிஞ்சிய குழந்தை வண்டியைப் பிடித்துக்கொண்டுதான் இப்போது அவர் நடை. நாலு வருடம் முன்பு ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு போயிற்று. அடுத்த வருடம் இடுப்பு. கை ஒட்டியது, நடுக்கம் மட்டும் போகவில்லை.

"வந்துட்டியா புரொபசரம்மா? ஆளு பாதியா இளைச்சுப் போயிட்டே. சியோல்ல சோறு போடுறதில்லையா?"

"நான் எங்க அக்கா இளைச்சேன்? ரெண்டு கிலோ கூடியிருக்கேன்."

"அப்போ என் கண்ணுதான் போச்சு. உள்ள வா, காத்து ஊசியா குத்துது."

அவர் கணவர் பான்சோக் பின்பக்கத்திலிருந்து கூடையோடு வந்தார். எண்பத்துநாலு. உயரம் குறைந்து அகலம் கூடிய மனிதர். "வாங்க டீச்சரம்மா" என்ற இரண்டு வார்த்தைதான். கூடையை இறக்கிவிட்டு வரவேற்பறைச் சுவரோரம் போய் உட்கார்ந்தார். யோன்சுக் இந்த வீட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அவர் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், சுவரில் அந்த இடம் மட்டும் மினுமினுவென்று தேய்ந்திருந்தது.

அந்தச் சுவரோர மனிதர்தான் யோன்சுக்கின் புகழுக்கு மூலதனம். ஏழு தடவை எழுதின ஏட்டிலும் சமையலறையில் அவர் செலவழித்தது பூஜ்ஜியம் நிமிடம். மற்ற வீட்டு ஆண்கள்கூட வயதான பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அசைந்து கொடுத்தார்கள், இவர் அசையவில்லை. கூட்டங்களில் அந்த நிமிடங்களைக் கோடு போட்ட படமாகக் காட்டுவாள். மனைவிக்கு உயரமான கோடு, கணவனுக்குக் கோடே கிடையாது, வெறும் இடம். அரங்கம் சிரிக்கும். உடனே அவள் ஒரு சூப் கதையைச் சொல்லுவாள். முதல் தடவை வந்தபோது அவள் நாலு மாதக் கர்ப்பிணி. துறையில் தெரிந்தால் களப்பணிக்கு அனுப்ப மாட்டார்கள் என்று மறைத்து வந்திருந்தாள். இந்த வீட்டில் இரவு தங்கி, தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்துக் கிடந்தாள். விடியும் நேரம் அறைவாசலில் ஒரு கிண்ணம் சூப் இருந்தது, மூடி போட்டு. பச்சைக் கடல்பாசியும் சிப்பியும் போட்ட சூப். அந்த மாதத்தில் அவள் வயிற்றில் தங்கிய முதல் உணவு அது. 'யாரென்றே தெரியாத ஒருத்திக்காக விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய அந்தப் பெண்ணின் ஐம்பது நிமிடத்தை எந்தக் கணக்கும் கணக்கில் எடுப்பதில்லை' என்று முடிப்பாள். இந்த இடத்தில் அரங்கம் கண்ணைத் துடைக்கும்.

சாயங்காலம் மால்சுன் புது ஏடுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தபாலில் அனுப்பியதை எழுதி முடித்து வைத்திருந்தார். வழக்கம்போல இரண்டிலும் அவர் கையெழுத்துதான். பான்சோக் இரண்டாம் வகுப்போடு சரி, அவர் எழுதினால் ஒரு எழுத்துக்கே ஒரு பக்கம் வேண்டும் என்பது வீட்டில் பழைய கேலி. எழுத்து நடுங்கியது. ஆனால் செய்தி நடுங்கவில்லை. மால்சுன், சமையல், இரண்டு மணி நாற்பது நிமிடம். பான்சோக், சமையல், இல்லை.

யோன்சுக் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே மால்சுன் ஒரு கோப்பைத் தேநீரை இரண்டு கையாலும் பிடித்திருந்தும் பாதி தட்டில் சிந்திக்கொண்டிருந்தது. இரவுச் சாப்பாட்டில் முள்ளங்கித் துண்டுகள் விறகு பிளந்த மாதிரி தடிமனாகக் கிடந்தன. மால்சுன் வெட்டும் முள்ளங்கி வழியாக ஒரு காலத்தில் விளக்கு வெளிச்சம் தெரியும். சமையலறை ஜன்னலில் புதிதாக ஒரு தடித்த திரை வேறு.

மறுநாள் காலை ஐந்தரை இருக்கும். கழிப்பறைக்குப் போகலாம் என்று எழுந்து வந்தாள். சமையலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பான்சோக், மனைவியின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, கூந்தல் போல மெல்லிசாக இருந்த பாசியை வடிதட்டில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். பழகிய கை. திரும்பினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சரம்மா தூங்கலையா?"

"பாத்ரூம் போக வந்தேன் மாமா."

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றார் பான்சோக், கையில் கரண்டியோடு.

யோன்சுக் அப்படியே அறைக்குத் திரும்பிவிட்டாள். ஆறரைக்கு மால்சுன், "புரொபசரம்மா, எழுந்திரு, சூப்பு வெச்சிருக்கேன்" என்று கூப்பிட்டார். வெச்சிருக்கேன் என்பதில் கொஞ்சம் அழுத்தம் கூடுதலாகவே இருந்தது.

பகலெல்லாம் மூவரும் வெயிலில் உட்கார்ந்து யூஜா அரிந்தார்கள். தோலை மயிரிழையாக அரிய வேண்டும், விதையை எடுக்க வேண்டும், சர்க்கரையோடு ஜாடியில் அடுக்க வேண்டும். மால்சுன் விதை பொறுக்கினார். கத்தி பான்சோக்கிடம். இது சமையலறைக்கு வெளியே நடக்கிற வேலை, ஆண் செய்யலாம், கௌரவத்துக்குப் பங்கமில்லை. யோன்சுக் அரிந்த துண்டுகளை மால்சுன் எடுத்துப் பார்த்து, "முப்பத்தஞ்சு வருஷமா வீட்டுவேலையைப் படிச்சவ கைவேலை இது. நல்லா இருக்கு லட்சணம்" என்று தனியாக ஒதுக்கி வைத்தார்.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வியாழக்கிழமை முதியோர் உதவி அலுவலகத்திலிருந்து மதிப்பீடு செய்ய ஆள் வருகிறது. மால்சுனுக்கு எவ்வளவு முடியும், எவ்வளவு முடியாது என்று பார்த்துக் கிரேடு கொடுப்பார்கள். கிரேடு கிடைத்தால் தினமும் மூன்று மணி நேரம் வீட்டுக்கு உதவிக்கு ஒரு பெண் வருவாள். வசந்தத்தில் ஒருமுறை வந்து பார்த்து, தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

"ஏன் தேவையில்லைன்னு எழுதினாங்க?" என்றாள் யோன்சுக், பதில் தெரிந்தே.

"எனக்கென்ன தெரியும்? வந்த பொண்ணு நல்ல பொண்ணு. எல்லாம் செய்வீங்களான்னு கேட்டா. செய்வேன்னேன். பின்ன, வீட்டுக்கு வந்தவகிட்ட ஒண்ணும் முடியாது, கிழவி ஆயிட்டேன்னு மூக்கால அழுவாங்களா?"

"தேஹூன் என்ன சொல்றான்?"

மால்சுன் விதை பொறுக்குவதை நிறுத்தினார். மகன் தேஹூன் குவாங்ஜுவில் இருக்கிறான். பதில் பான்சோக்கிடமிருந்து வந்தது, கத்தியைப் பார்த்தபடியே.

"இந்தத் தடவையும் கிரேடு இல்லேன்னா, பனி விழுறதுக்குள்ள அம்மாவைக் கொண்டுபோய் அங்க முதியோர் ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேங்கறான். அவனைக் குத்தம் சொல்ல முடியாது. அப்பாவுக்கு ஒரு முட்டைகூட வேகவைக்கத் தெரியாது, ரெண்டு பேரும் பட்டினி கிடந்து செத்தா என்னைத்தான் ஊர் பேசும்கறான்."

"முட்டை வேகவைக்கத் தெரியாதா?" என்றாள் யோன்சுக்.

பான்சோக் காது சிவந்தது. அடுத்த பழத்தை எடுத்தார்.

அன்று ராத்திரி முழுக்க யோன்சுக்குக்கு அதே நினைப்பு. ஆய்வுக்குப் போன வீட்டில் இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லக்கூடாது. முப்பத்தைந்து வருடமாக அவள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. ஆனால் இந்தச் சுவரோரத்தில் பான்சோக் தனியாகவும், குவாங்ஜுவில் ஆறு கட்டில் போட்ட அறையில் மால்சுன் தனியாகவும் கிடப்பதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அறுபத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள்.

புதன்கிழமை சாப்பாட்டின்போது மெல்ல ஆரம்பித்தாள்.

"அக்கா, நான் எட்டு வருஷம் முன்னாடி ஒரு கட்டுரை எழுதினேன். வயசானவங்களைப் பத்தி. மதிப்பீட்டுக்கு ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் நல்ல துணி உடுத்திக்கிட்டு, பவுடர் போட்டுக்கிட்டு, எனக்கு எல்லாம் முடியும், எனக்கு எல்லாம் முடியும்னு சொல்லி, வர்ற உதவியைத் தாங்களே கெடுத்துக்கறாங்க. நூத்துக்கு அறுபது பேர் அப்படித்தான்."

"அடப்பாவமே" என்றார் மால்சுன் உண்மையான வருத்தத்தோடு. "எதுக்கு அப்படிப் பண்றாங்க? அறிவில்லையா?"

"வெட்கம்" என்றார் பான்சோக். "வீண் வெட்கம்."

"நல்ல கட்டுரை. அதைப் பெரிய எழுத்துல அச்சடிச்சு ஊர் மன்றத்துல ஒட்டணும் நீ" என்றார் மால்சுன்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மால்சுன் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தார். குழந்தை வண்டியைக் காணோம். யோன்சுக் தேடிப் பார்த்தாள், கொட்டகைக்குள் உரமூட்டைக்குப் பின்னால் படுதா போட்டு மூடியிருந்தது. பான்சோக் தலைக்கு எண்ணெய் தடவி வாரி, சுவரோரம் தன் இடத்தில், ஆண் எப்படி உட்கார வேண்டுமோ அப்படி உட்கார்ந்திருந்தார்.

வந்த பெண் பெயர் மிரான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். குனிந்து வணங்கிவிட்டு, மடியில் தாளை வைத்துக்கொண்டு கேட்க ஆரம்பித்தாள். அவசரப்படுத்தாத பெண். யோன்சுக் மூலையில் உட்கார்ந்து வாயைப் பூட்டிக்கொண்டாள்.

"தானே உடை மாத்திக்குவீங்களா அம்மா?"

"அதுக்கென்ன, மாத்திக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்கேன்." உடை மாற்றிவிட்டது யோன்சுக்.

"கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?"

மால்சுன் எழுந்தார். அலமாரி, டிவி, கதவுநிலை, இந்த மூன்றையும் ஏதோ தூசி பார்க்கிற மாதிரி தொட்டுத் தொட்டு அறையைக் கடந்து, அதே வழியில் திரும்பி வந்து உட்கார்ந்தார். நெற்றியில் வியர்வை. யோன்சுக்குக்கு அழுவதா கைதட்டுவதா என்று தெரியவில்லை.

"சமையல் யார் பண்றீங்க?"

"நான்தாம்மா. வேற யாரு பண்ணுவா? அவரு ஆம்பளை, அவருக்கு உப்பு எங்க இருக்கு, சர்க்கரை எங்க இருக்குன்னுகூடத் தெரியாது. இல்லீங்களா?"

"தெரியாது" என்றார் பான்சோக் காலண்டரைப் பார்த்து.

மிரான் எழுதிக்கொண்டாள். பேனா ஒரே சீராக ஓடியது. வசந்தத்தில் எழுதப்பட்டதையே திரும்ப எழுதுகிறாள் என்று யோன்சுக்குக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது அந்த ஊரில் வழக்கமில்லை. மிரான் எவ்வளவோ மறுத்தாள், கூடாது என்றாள், விதி என்றாள். "ஒரு வாய் சூப்புல விதி என்ன முழுகிடப் போகுது? புரொபசரம்மா, அடுப்பு மேல இருக்கு, ஒரு கிண்ணம் கொண்டா" என்றார் மால்சுன். பாசி சூப்புக்கு ஒரு குணம் உண்டு. எவ்வளவு கொதித்தாலும் ஆவி வராது, ஆறிவிட்டது என்று நம்பிக் குடித்தால் நாக்கு வெந்துபோகும். கடற்கரைப் பெண்ணாக்கும், மிரான் ஊதி ஊதித்தான் குடித்தாள். இரண்டாவது வாயில் நிமிர்ந்தாள்.

"அம்மா, இது என்ன கைப்பக்குவம்! எங்க அம்மா வெச்சா பசை மாதிரி கொழகொழன்னு ஆயிடும். எப்படி வெச்சீங்க?"

மால்சுனுக்கு முகம் மலர்ந்தது. "அது ஒண்ணும் பெரிய வித்தையில்லம்மா. முதல்ல சிப்பியைப் போட்டு நல்லெண்ணெயில நல்லா வதக்கிடணும்."

"வதக்கணுமா?" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மால்சுன் காதில் வாங்காதவர் போல மேலே போனார். "வதக்கிட்டு, தண்ணி ஊத்தி, பாசியைப் போட்டு, அது பாட்டுக்கு ஒரு அரைமணி கொதிக்க விட்டா..."

"அரைமணியா!" பான்சோக் இரண்டு முழங்காலையும் அறைந்தார். "அரைமணி கொதிச்சா அதை வெச்சு ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டலாம். குடிக்க முடியுமா? ஏம்மா, நீ இதை எழுதிக்கிட்டுப் போய் உங்க வீட்டுல வெச்சுடாதே. சிப்பியை வதக்கினா ஆட்டுப்புழுக்கை மாதிரி சுருங்கிப்போகும். தண்ணி கொதி வந்தப்புறம் பாசியையும் சிப்பியையும் ஒண்ணாப் போடணும். ஒரு கொதி. ஒரே கொதிதான். உடனே அடுப்பை அணைக்கணும். படகுல மூணு வருஷம் இருபது பேருக்கு வெச்சிருக்கேன், ஒருத்தன் குறை சொன்னதில்ல."

"நான் வதக்கித்தான் வெச்சேன், காலமெல்லாம்" என்று மால்சுன் திரும்பினார். வந்த ஆள் முன்னால் 'அவரு, இவரு' என்று கொடுத்த மரியாதை பறந்துவிட்டது. "யோவ், அப்போ கிண்ணத்தை வழிச்சு நக்கினது யாரு?"

"நக்கினேன். வேற எதுவும் கிடைக்கல, நக்கினேன்."

"உன் சூப்பு கவுச்சி அடிக்குதுய்யா! பாவம் கிழவன் விடியக்காலையில எழுந்து வெச்சிருக்கானேன்னு நாலு வருஷமா மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்."

"இன்னைக்குக் காலையில ரெண்டு கிண்ணம் குடிச்சது எந்த மூக்கு?"

மிரானின் பேனா நின்றிருந்தது.

"நாலு வருஷமாவா?" என்றாள் மெதுவாக.

பான்சோக்குக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்து செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார். கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அறைக்கு நடுவில் நிறுத்தினார்.

"எழுதிக்கோம்மா. இது இல்லாம அவளால வாசல்வரைக்கும் போக முடியாது. தலை வாரிவிடுறது நான். சமையல் நான். குளிக்கவைக்கிறதும் நான்தான், ஆனா என் முதுகு இனிமே தாங்காது. போன மாசம் ரெண்டு பேரும் சேர்ந்து வழுக்கி விழுந்தோம். பையனுக்குச் சொல்லல."

மால்சுன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். உதட்டுச்சாயம் விரலில் ஒட்டியது. "போச்சு. இத்தனை நாள் காப்பாத்தின மானத்தை ஒரு சூப்புக்காகக் கொண்டுபோய்க் கொட்டிட்டே."

"மானம் போனாப் போகட்டும், தேஹூன் அம்மா" என்றார் பான்சோக். "நீ போயிடக்கூடாது. நீ அங்க போயிட்டா நான் யாருக்கு வெக்கிறது?"

மிரான் ஒரு புதுத் தாளை எடுத்தாள். "முதல்லேருந்து கேக்கறேன், சரியா? பாதி சூப்பு இன்னும் இருக்கு, அதைக் குடிச்சுட்டுக் கேக்கறேன்" என்றாள்.

யோன்சுக் அன்று மாலைப் பேருந்தில் கிளம்பினாள். அட்டைப்பெட்டியை அங்கேயே வைத்துவிட்டாள். இந்த வீட்டின் ஏழு தடவை ஏடுகள், மொத்தம் பதினான்கு. பிரதியெல்லாம் எடுத்தாயிற்று, அறையைக் காலி செய்கிறபோது எழுதியவர்களிடமே அசல் இருக்கட்டும் என்றுதான் கொண்டுவந்திருந்தாள். எட்டாவது ஏடுகளை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவற்றை என்ன செய்வது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஜனவரி நடுவில் மால்சுன் தொலைபேசியில் கூப்பிட்டார். நாலாவது கிரேடு வந்துவிட்டது. தினம் மூன்று மணி நேரம் ஒரு பெண் வருகிறாள். தேஹூன் ஆஸ்பத்திரிப் பேச்சை விட்டுவிட்டான், அப்பாவிடம் கிம்ச்சி சூப் எப்படி வைப்பது என்று போனில் கேட்கிறானாம். ஊர் மன்றத்துப் பெண்களுக்கு விஷயத்தைச் சொன்னபோது, நாலு வருடமாக உங்கள் வீட்டு நெத்திலி வறுக்கிற வாசனை கருகி வரும்போதே தெரியும், நீங்கள் திரை போட்டதால் நாங்களும் தெரியாத மாதிரி இருந்தோம் என்றார்களாம்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் மால்சுன். "நீ ஒரு நடை வந்துட்டுப் போ. கிழவர் பெட்டியைப் பிரிச்சு எல்லா ஏட்டையும் ஒண்ணு ஒண்ணாப் படிக்கிறாரு. ஒரு வாரமா என்மேல கோபம். உன்மேலயும்."

யோன்சுக் போனபோது முற்றத்தில் பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. உதவிக்கு வரும் பெண் மால்சுனுக்குத் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். சமையலறைத் திரை கழற்றப்பட்டுவிட்டது. அந்தப் பெண் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்பது பான்சோக்கின் கட்டளை என்று மால்சுன் காதோடு சொன்னார்.

பான்சோக் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார், மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு. முன்னால் முதல் தடவை எழுதிய இரண்டு ஏடு, பழுப்பேறியவை.

"டீச்சரம்மா, இதைப் பாருங்க. இவ என்னை முப்பத்தஞ்சு வருஷமாத் தூங்க வெச்சிருக்கா."

விரல் வைத்த இடத்தை யோன்சுக் படித்தாள். கணவர் ஏடு, காலை ஐந்து பத்திலிருந்து ஆறு வரை, தூக்கம். மனைவி ஏடு, அதே நேரம், சமையல். நூறு தடவை பார்த்த பக்கம்தான். அவள் புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயமே இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

"தேதியைப் பாருங்க. பௌர்ணமி கழிஞ்சு ரெண்டாம் நாள். விடியக்காலை அஞ்சு மணிக்குக் கடல் வத்தும். ஊர்ல கைகால் உள்ள பொம்பளை ஒருத்தி வீட்டுல இருக்க மாட்டா, அத்தனை பேரும் சேத்துல சிப்பி பொறுக்குவாங்க. இவ நாலரைக்கே விளக்கை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அஞ்சு பத்துக்கு இவ எப்படி இங்க சமைப்பா? நீங்க ஒரு தடவையாவது வத்துக்கடல் நேரத்தைப் பார்த்தீங்களா?"

யோன்சுக் பார்த்ததில்லை. ஏட்டைப் பார்த்தாள், புள்ளிவிவரம் பார்த்தாள், எட்டு நாட்டு ஆய்வுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கடலைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு நீங்க அந்த அறையில வாந்தி எடுத்துக்கிட்டுக் கிடந்தீங்க" என்றார் பான்சோக், குரலைத் தாழ்த்தி. "பயமா இருந்துச்சு. படகுல வயித்தைப் புரட்டுறவனுக்கு இந்த சூப்புதான் கொடுப்போம். வெச்சு, வாசல்ல வெச்சுட்டு, நீங்க கதவைத் திறக்கிறதுக்குள்ள ஓடிப்போய்ப் படுத்துட்டேன்."

யோன்சுக் மால்சுனைப் பார்த்தாள்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார் மால்சுன். "ஏட்டை வீடு வீடா வாங்கி உனக்கு அனுப்பினது யாரு? ஊர்த்தலைவர். அந்த ஆளு ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து படிச்சுட்டுத்தான் அனுப்புவாரு. ஊருக்கே தெரியும். பான்சோக் அடுப்பு மூட்டுறான்னு எழுதினா மறுநாள் மதுக்கடையில இவரைப் பிச்சுத் தின்னுருப்பாங்க. அதான் தூங்க வெச்சேன். அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

தன் முதல் புத்தகத்தின் முன்னுரையில் அந்த ஊர்த்தலைவருக்கு நாலு வரி நன்றி எழுதியிருக்கிறாள் யோன்சுக். அது ஞாபகம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. எத்தனை ஊரில், எத்தனை மேடையில், இவருக்குக் கோடே இல்லாத படத்தைக் காட்டிவிட்டு, அடுத்த நிமிடமே இவர் வைத்த சூப்பைச் சொல்லி அழவைத்திருக்கிறாள்! அடுத்த மாதம் விடைபெறும் உரையிலும் அதைத்தான் சொல்வதாக இருந்தாள்.

"மாமா, அன்னிக்கு வயித்துல இருந்தது என் பொண்ணு. இப்போ அவளுக்கு முப்பத்துநாலு வயசு. அந்த சூப்புக்கு இத்தனை வருஷமா அக்காவுக்குத்தான் நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன். உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே."

"நன்றியெல்லாம் யாரு கேட்டா?" என்றார் பான்சோக். "என்னைத் தூங்குறவன்னு எழுதி வெச்சிருக்கீங்க. நான் என் ஆயுசுல ஆறு மணிவரைக்கும் தூங்கினதில்ல."

ஒருமுறை எழுதின ஏட்டில் கை வைக்கக்கூடாது. அதுவும் அவள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்தான். யோன்சுக் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

பான்சோக் ஏட்டை மடியில் வைத்துக்கொண்டார். முதலில் 'தூக்கம்' என்பதை அடித்தார், காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி. பிறகு அதன்மேல், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக 'சூப்' என்று எழுதினார். அவர் எழுத்து பெரிய எழுத்து. ஐந்து பத்தில் தொடங்கி ஆறு மணிவரைக்கும் ஐந்து கட்டத்தையும் அடைத்துக்கொண்டது.

மால்சுன் ஈரத்தலையோடு எட்டிப் பார்த்தார். "எழுதுறதுதான் எழுதுறே, சிப்பியை வதக்காம வெச்சேன்னும் சேர்த்து எழுது. படிக்கிறவங்களுக்கு உண்மை தெரியட்டும்."

"இடமில்ல" என்று சொல்லிவிட்டு, பான்சோக் பேனாவை மூடிக் கொடுத்தார்.